வீட்டில் கட்டிய தூண்டில் கழி: வளையம் வைப்பதிலிருந்து பூச்சு காய்வது வரை

ரீலைப் பொருத்தும் இருக்கையான ரீல் சீட் இம்மியும் அசையாமல், நரம்பைத் தாங்கும் வளையங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்க, முழு வளைவிலும் நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, தடையின்றி ஓடும் ஒரு கழி ஒருவழியாகக் கைக்கு வந்திருக்கிறது. ஏழடி நீளம், ஒரே துண்டு, கார்பன் இழையாலானது, 2500 அளவு ஸ்பின்னிங் ரீலுக்கானது. இதற்கு முன்பு கட்டிய கழி சில மாதங்களிலேயே பிடியில் தளர்ந்துவிட்டது. அதை நீளவாக்கில் அறுத்துப் பிரித்துப் பார்த்தபோது கண்டவை இந்த முறை ஒவ்வொரு கட்டத்திலும் கைகொடுத்தன. கழி கட்டத் தொடங்குவோரின் கவனம் பெரும்பாலும் நூல் சுற்றுவதிலும் பளபளப்பான பூச்சிலுமே நிற்கிறது. ஆனால் ஒரு கழி எப்படி வீசும், மீன் இழுக்கும்போது எப்படித் தாங்கும் என்பவை நூலைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. வளையங்களை எங்கே வைக்கிறோம், பிடிக்குள் பசை எப்படி நிரம்புகிறது என்ற இரண்டில்தான் பாதிக்கு மேற்பட்ட வேலை இருக்கிறது. ஆகவே இந்தப் பதிவும் அந்த இரண்டு இடங்களில்தான் அதிக நேரம் நிற்கும்.

பிளாங்க் என்று விற்கப்படும் வெறுங்கழி 213 செ.மீ. நீளமுள்ளது, அடியில் விட்டம் 12.5 மி.மீ., நுனியில் 1.75 மி.மீ., எடை 54 கிராம். 8 முதல் 14 பவுண்டு வரை வலுவுள்ள நரம்புக்கும் 7 முதல் 21 கிராம் வரையிலான லூருக்கும் (செயற்கை இரை) ஏற்றது என்று அதன் அடியில் அச்சிட்டிருந்தது. கையில் வந்ததும் வெர்னியர் காலிப்பரால் 10 செ.மீ.க்கு ஓரிடம் வீதம் விட்டத்தை அளந்து, மாஸ்கிங் டேப் துண்டுகளில் எழுதி அந்தந்த இடத்திலேயே ஒட்டிவைத்தேன். தக்கையை எவ்வளவு குடைவது, ரீல் சீட்டுக்குள் எவ்வளவு இடைவெளியை நிரப்புவது ஆகிய கணக்குகள் எல்லாம் அந்த எண்களிலிருந்தே வந்தன. ஒவ்வொரு முறையும் மாட்டிப் பார்த்துக் கழற்றும் அலைச்சல் இல்லாமல் போனது.

மொத்தச் செலவில் ஏறக்குறையப் பாதி பிளாங்குக்கும், கால் பங்கு வளையங்களுக்கும் போனது. ரீல் சீட், தக்கை, நூல், எபாக்சி எல்லாம் சேர்ந்து மீதி. சிக்கனம் பார்க்க வேண்டுமானால் ரீல் சீட்டின் அலங்காரத்திலும் நூலின் நிறத்திலும் பார்க்கலாம். வளையத்தின் உட்புறத்தில் பார்க்கக் கூடாது. பின்னல் நரம்பு உராய்ந்துகொண்டே இருப்பதால், உராய்வு மிகுதியாக இருக்கும் நுனி வளையத்துக்கும் ரீலுக்கு அடுத்த பெரிய வளையத்துக்கும் சிலிக்கன் கார்பைடு உள்வளையம் கொண்டவற்றையும், இடையில் வரும் மற்றவற்றுக்கு அலுமினியம் ஆக்சைடு கொண்டவற்றையும் வாங்கினேன். சட்டங்கள் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. வாங்கியவுடன் ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் சிறிது பஞ்சைத் தேய்த்துச் சுழற்றிப் பார்ப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் பஞ்சின் இழை அதில் சிக்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது, பிளாங்கின் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்ற முடிவு. கார்பன் துணியைக் கூம்பான ஒரு கம்பியின் மீது சுருட்டிச் சூளையில் இறுகவைத்துத்தான் பிளாங்க் செய்யப்படுகிறது. துணியின் விளிம்புகள் படியும் இடத்தில் சுவர் சற்றுத் தடிப்பதால், கழி ஒரு குறிப்பிட்ட பக்கமாக வளையவே நாடும். அடியை வழவழப்பான தரையில் ஊன்றி, நுனியை ஒரு கையால் தாங்கி, நடுவை மறு கையால் அழுத்திக்கொண்டே உருட்டினால், ஓரிடத்தில் கழி தானாகத் துள்ளித் திரும்பி நிற்கும். இதை ஸ்பைன் என்பார்கள். மீன் இழுக்கும்போது கழி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ஸ்பைனைப் பார்த்துத்தான் வளையம் கட்ட வேண்டும் என்று நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஆனால் முறுக்கத்தை முடிவு செய்வது வளையங்கள் கழிக்கு மேலே இருக்கின்றனவா, கீழே இருக்கின்றனவா என்பதுதான். ஸ்பின்னிங் கழியில் வளையங்கள் கீழே தொங்குவதால் பாரம் ஏறும்போது கழி தன் நிலையிலேயே நிலைபெறும். ஆகவே ஸ்பைனைக் குறித்துக்கொண்டதோடு விட்டுவிட்டு, பிளாங்கை ஒரு கண்ணால் நீளவாக்கில் நோக்கி, அதன் இயல்பான சிறு கோணல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். நுனி சற்று மேல்நோக்கி எழும்படி அந்தக் கோணலை வைத்தால், வளையங்களின் எடை அதைக் கீழே இழுத்து நேராக்கிவிடும். வெள்ளைப் பென்சிலால் அடி முதல் நுனி வரை ஆங்காங்கே புள்ளியிட்டு அந்த அச்சைக் குறித்துக்கொண்டேன்.

பிடிக்குத் தக்கை வளையங்களைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொன்றும் 12.7 மி.மீ. தடிப்பு, 32 மி.மீ. வெளிவிட்டம், நடுவில் 6 மி.மீ.க்குச் சற்று மேற்பட்ட துளை. ரீல் சீட்டுக்குப் பின்னால் ஐந்து, அடிமுனையில் நான்கு, முன்னால் இரண்டு என்று பிரித்து, அடிமுனைக்கும் நடுப்பகுதிக்கும் இடையில் பிளாங்கை வெறுமையாக விட்டேன். முழு நீளத்துக்கும் தக்கை வைப்பதைவிட இது எடை குறைவு. கைக்கு வேலையில்லாத இடத்தில் தக்கை இருந்து பயனில்லை. 6 மி.மீ. திருகு மரையிட்ட கம்பியில் மெழுகு தேய்த்து, வளையங்களைக் கோத்து, இடையிடையே நீர் புகாத மரப்பசை பூசி, இரு முனையிலும் வாஷரும் நட்டும் வைத்து முறுக்கி இறுக்கி ஒரு நாள் விட்டேன். கம்பியில் மெழுகு தேய்க்க மறந்தால் தக்கையைக் கம்பியிலிருந்து உருவவே முடியாது. இங்கே கடினமாக இறுகும் எபாக்சியைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு: தக்கை மென்மையானது, பசைக்கோடு கடினமானது, உப்புத்தாள் போடும்போது தக்கை தேய்ந்து, பசை மட்டும் வரம்பாகப் புடைத்து நிற்கும். உள்ளங்கை அதை நாள் முழுவதும் உணர்ந்துகொண்டே இருக்கும்.

கடைசல் இயந்திரம் என்னிடம் இல்லை. கம்பியின் ஒரு முனையைக் கை டிரில்லில் மாட்டி, டிரில்லை மேசையில் இடுக்கியால் இறுக்கி, மறுமுனையை மரக்கட்டையில் துளைத்த ஓட்டையில் சுழலவிட்டேன். 80 எண் உப்புத்தாளில் தொடங்கி, 150, 320 என்று போனேன். 80 எண் தாள் தக்கையை எதிர்பார்ப்பதைவிட வேகமாகத் தின்னும். விரும்பிய விட்டத்துக்கு ஒன்றரை மி.மீ. முன்பே அதை நிறுத்திவிடுவது உத்தமம். உருவம் வந்த பிறகு உட்துளையைப் பிளாங்கின் சரிவுக்கு ஏற்பக் குடைய வேண்டும். உடைந்துபோன பழைய கழியின் அடித்துண்டில் உப்புத்தாள் பட்டையைத் திருகு போலச் சுற்றி ஒட்டினால் அதற்கான அரம் தயாராகிவிடும். அரத்தைத் திருகிக்கொண்டே சில முறை உள்ளே விட்டு எடுத்து, தூளைத் தட்டிவிட்டு, பிளாங்கில் நுனிப்பக்கத்திலிருந்து ஏற்றிப் பார்க்க வேண்டும். தன் இடத்துக்கு வருவதற்கு இரண்டு விரற்கடை முன்பே இறுக்கம் தெரிந்தால் துளை சரியாக இருக்கிறது என்று பொருள்.

ரீல் சீட்டைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும். அதன் உள்விட்டம் 17 மி.மீ.; அந்த இடத்தில் பிளாங்கின் விட்டம் 11.6 மி.மீ. சுற்றிலும் 2.7 மி.மீ. இடைவெளி இருக்கிறது, அதை எதைக் கொண்டாவது நிரப்பியாக வேண்டும். பலரும் செய்வது போல, முந்தைய கழியில் மாஸ்கிங் டேப்பைச் சுற்றிச் சுற்றி வளையங்களாக்கி, சீட் இறுக்கமாக நுழையும் அளவுக்கு நிரப்பியிருந்தேன். பட்டைகளுக்கு இடையில் இடைவெளி மிகக் குறைவு. சீட்டை உள்ளே தள்ளும்போது முதல் பட்டையே பசையை எல்லாம் வழித்து வெளியே தள்ளிவிட்டது. அறுத்துப் பார்த்தபோது இரு முனைகளில் மட்டும் எபாக்சி இருந்தது. நடுவில் இருந்த டேப், பசை தொட்ட அடையாளமே இல்லாமல், பழுப்பு நிறத்தில் ஈரம் ஊறிப் பிரிந்து கிடந்தது. ரீலின் பாரம் முழுவதையும் அந்தக் காகிதமே தாங்கியிருக்கிறது. கைப்பிடியைச் சுழற்றும் ஒவ்வொரு முறையும் சீட் சிறிது திருகி, முனையில் இருந்த பசையும் விட்டுப்போனது.

இந்த முறை காகிதத்தை முற்றிலும் விட்டுவிட்டு, கெட்டியான பாலியுரிதேன் நுரையால் ஆன நிரப்பு உருளையை எடுத்துக்கொண்டேன். அதை உட்புறம் அதே உப்புத்தாள் அரத்தால் குடைந்து பிளாங்கில் தளர்வில்லாமல் பொருத்தி, வெளிப்புறத்தைச் சீட்டுக்குள் மெல்லிய பசைப்படலம் நிற்கும் அளவுக்குத் தேய்த்தேன். பிறகு வெளிப்புறத்தில் நீளவாக்கில் மூன்று ஆழமற்ற பள்ளங்களை அரத்தால் இழுத்தேன். சீட் நுழையும்போது காற்று வெளியேறவும் பசை உள்ளேயே தங்கவும் அவை வழி செய்கின்றன. பிளாங்கின் மேற்பூச்சின் மினுக்கு மட்டும் போகும்படி 320 எண் தாளால் இலேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். கார்பன் இழை தெரியும்வரை தேய்ப்பது கழியைப் பலவீனமாக்கும். இந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் அணிந்து, ஈரத் தாளால் தேய்ப்பதே சரி. பசைக்கு மெதுவாக இறுகும் குழைவான எபாக்சி. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை இந்த வேலைக்கு இரண்டு காரணங்களால் பொருந்தாது: சீட்டை நேராக்கிச் சரிபார்ப்பதற்குள் அது இறுகத் தொடங்கிவிடும்; நீரையும் சூட்டையும் மெதுவாக இறுகுவது தாங்கும் அளவுக்கு அது தாங்காது. பின்தக்கை, சீட், முன்தக்கை என்ற வரிசையில் ஏற்றி, சீட்டில் ரீலை மாட்டி, அச்சுப் புள்ளிகளோடு ரீலின் கால் நேராக நிற்கிறதா என்று நுனியிலிருந்து நோக்கிச் சரிசெய்த பிறகு ரீலைக் கழற்றி, வழிந்த பசையை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, கழியை நிறுத்திவைத்தேன். முன்னால் வழிந்த பசை சுற்றிலும் ஒரே சீராக வந்திருந்தது. உள்ளே வெற்றிடம் இல்லை என்று அப்போதே நம்பிக்கை வந்தது.

நுனி வளையத்தின் குழாய் அளவை ஓர் அங்குலத்தின் 64-ல் எத்தனை பங்கு என்று சொல்வது வழக்கம். 1.75 மி.மீ. நுனிக்கு 4.5 எண், அதாவது 1.79 மி.மீ. குழாய், சரியாகப் பொருந்தியது. இறுக்கமான குழாயில் நுழைப்பதற்காகப் பிளாங்கின் நுனியைச் சுரண்டக் கூடாது. அடுத்த எண்ணை வாங்குவதே முறை. ஒட்டுவதற்குச் சூட்டில் உருகும் பசைக்குச்சிதான் ஏற்றது. நுனி வளையம்தான் முதலில் அடிபடும் உறுப்பு. எபாக்சி போட்டு ஒட்டினால் மாற்றும் நாளில் அதற்குத் தேவைப்படும் சூடு பிளாங்கையே கெடுத்துவிடும். பசையைக் குச்சியிலிருந்து உருக்கிப் பிளாங்கின் நுனியில் தடவ வேண்டும். சுடரைக் குழாயின் பக்கமே காட்ட வேண்டும், பிளாங்கில் படவிடக் கூடாது.

இனி வளையங்கள். மொத்தம் எட்டு வளையங்களும் நுனி வளையமும். அடிக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்பது பழைய கணக்கு, ஏழடிக்கு அது எட்டாகிறது. அளவுகள் ரீல் பக்கத்திலிருந்து 25, 16, 10, பிறகு நுனி வரை 5.5 எண்ணில் ஐந்து. ஸ்பின்னிங் ரீலிலிருந்து நரம்பு சுருள் சுருளாகக் கிளம்புகிறது. முதல் மூன்று வளையங்கள் அந்தச் சுருளைச் சுருக்கி ஒடுக்க வேண்டும், அதற்குப் பிறகு வருபவை நேராக ஓடும் நரம்பைக் கழியோடு அணைத்துச் செல்வதற்கு மட்டுமே. ஃபூஜி நிறுவனம் வகுத்த நியூ கைடு கான்செப்ட் முறையில், ரீல் சுருளியின் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) அச்சை ஒரு நேர்கோடாக முன்னே நீட்டினால் அது பிளாங்கைத் தொடும் இடத்தில் முதல் சிறு வளையம் வர வேண்டும். நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்றைச் சுருளியின் நடுவோடு இணைத்துப் பிடித்து அந்த இடத்தைக் கண்டேன்; நுனியிலிருந்து ஏறக்குறைய 60 செ.மீ.யில் அது விழுந்தது.

வளையங்களைத் தற்காலிகமாக நிறுத்தச் சைக்கிள் வால்வு ட்யூப்பை மெல்லிய வளையங்களாக நறுக்கி, ஒவ்வொரு காலுக்கும் ஒன்று மாட்டினேன். ரப்பர் பேண்டைவிட இது தேவலாம்: விரலால் தள்ளினால் நகரும், பாரத்தில் நகராது. பிடியைத் துணி சுற்றி மேசை ஓரத்தில் இடுக்கியால் இறுக்கி, கழி மேல்நோக்கி 45 பாகையில் சாய்ந்து நிற்கும்படி செய்தேன். நரம்பை ரீலிலிருந்து எல்லா வளையங்கள் வழியாகவும் கோத்து, முனையில் ஒரு காலிப் புட்டியைக் கட்டினேன். புட்டியில் நீரை ஊற்றிக்கொண்டே போனால் பாரம் சிறிது சிறிதாக ஏறும்; ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் எடைக்கல்லும் தேவையில்லை. 300, 600, 1000, கடைசியில் 1500 மில்லி வரை போனேன். 14 பவுண்டு என்பது ஏறத்தாழ 6.3 கிலோ, ரீலின் பிடிமானத்தை (மீன் இழுக்கும்போது நரம்பு எந்த பாரத்தில் நழுவ வேண்டும் என்ற இறுக்கம்) நரம்பின் வலுவில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம் என்பதால், ஒன்றரைக் கிலோவே நீரில் இந்தக் கழி வழக்கமாகச் சந்திக்கப்போகும் பாரம். ஒவ்வொரு கட்டத்திலும் பக்கவாட்டில் ஒரே இடத்தில் நிறுத்திய கைபேசியால் படம் எடுத்துக்கொண்டேன். நேரில் பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் தோன்றும். படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் குறை தெரியும்.

முதலில் நுனியிலிருந்து 12 செ.மீ.யில் தொடங்கி ஒரே சீராகக் கூடிக்கொண்டே போகும் இடைவெளிகளை வைத்திருந்தேன். 600 மில்லியிலேயே நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது வளையங்களுக்கு இடையில் நரம்பு பிளாங்கைவிட்டு இரண்டு செ.மீ. விலகி, நாண் போல விறைத்து நின்றது. நான்காவது வளையத்தில் அது கூர்மையாக மடிந்தது. பாரம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் விழுகிறது என்பதே அதன் பொருள். இந்தப் பிளாங்கின் வளைவு முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் குவிகிறது. எங்கே மிகுதியாக வளைகிறதோ அங்கே வளையங்கள் நெருங்க வேண்டும், எங்கே விறைப்போ அங்கே விலகலாம். ஒன்றை நகர்த்தினால் அதன் இருபுறமும் உள்ளவையும் நகர வேண்டியிருக்கும். பொறுமையாக நகர்த்தி, மறுபடி புட்டியை நிரப்பி, மறுபடி படம் எடுத்து, கடைசியில் நரம்பு எல்லா வளையங்களிலும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் மடியும் நிலைக்குக் கொண்டுவந்தேன். நுனியிலிருந்து அளந்தால் வளையங்கள் நிற்கும் இடங்கள்: 9, 19, 30.5, 43.5, 58, 74.5, 95, 121 செ.மீ. இவை இந்த ஒரு பிளாங்குக்கு உரியவை. வேறொன்றில் இதே எண்களைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதோடு நிற்காமல், வளையங்களின் கால்களை மாஸ்கிங் டேப்பால் இறுகச் சுற்றி, திறந்த வெளிக்கு எடுத்துச் சென்று, தூண்டில் முள் இல்லாத 14 கிராம் ஈயத்தை வீசிப் பார்த்தேன். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்; மேலே மின்கம்பி இல்லாத இடமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் பெரிய வளையம் சுருளியின் விளிம்பிலிருந்து 46 செ.மீ. தொலைவில் இருந்தது. ஒவ்வொரு வீச்சிலும் நரம்பு பிளாங்கில் அடிக்கும் 'தட தட' ஓசை தெளிவாகக் கேட்டது. சுருள் முழுவதும் ஒடுங்குவதற்கு முன்பே வளையத்தை எட்டிவிடுகிறது. இரண்டு இரண்டு செ.மீ.யாக முன்னே தள்ளிக்கொண்டே போனபோது 52 செ.மீ.யில் அந்த ஓசை அடங்கி, நரம்பு காற்றில் கிழியும் மெல்லிய ஒலி மட்டும் மிஞ்சியது. ஈயமும் முன்பைவிடத் தெளிவாகக் கூடுதல் தொலைவில் விழுந்தது. மேலே எழுதிய 121 செ.மீ. என்பது இந்தத் திருத்தத்துக்குப் பிறகு வந்த எண். டேப்பைப் பிரிக்கும் முன் எல்லா இடங்களையும் வெள்ளைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

நூல் சுற்றும் முன் ஒவ்வொரு வளையத்தின் காலையும் சிறு அரத்தால் தீட்ட வேண்டும். ஆலையிலிருந்து வரும் காலின் முனை மழுங்கிப் படிக்கட்டு போல நிற்கும்; நூல் அதன்மேல் ஏறும்போது அங்கே இடைவெளி விழும். முனை கத்தி விளிம்பு போலச் சரியும்வரை தீட்டி, அடியில் உள்ள பிசிறையும் நீக்கி, கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஆடாமல் உட்காருகிறதா என்று பார்த்தேன். அடியில் பிசிறு விட்டுப்போனால், கழி வளையும் ஒவ்வொரு முறையும் அது பிளாங்கை அறுக்கும்.

நூல் ஏ அளவு நைலான், கருநீலம். நூல் உருண்டையை ஒரு கிண்ணத்தில் போட்டு, நூலைத் தடித்த புத்தகம் ஒன்றின் தாள்களுக்கு இடையே செலுத்தி, மேலே எடை வைத்தால் இழுவிசை கிடைத்துவிடும். கழியைக் கிடத்த V வடிவில் வெட்டிய இரண்டு அட்டைப்பெட்டிகளே போதும். வெட்டில் துணி ஒட்டிக்கொள்ள வேண்டும். காலின் முனைக்கு 3 மி.மீ. முன்பே தொடங்கி, நூலின் தலையை அதன்மேலேயே குறுக்காகப் போட்டு ஐந்தாறு சுற்றுகளால் மூடி, மிச்சத்தை வெட்டிவிட்டு, வளையத்தை நோக்கிச் சுற்றிச் செல்ல வேண்டும். முடிவுக்கு எட்டுச் சுற்றுகள் இருக்கும்போது மடித்த நூல் கண்ணி ஒன்றைக் கிடத்தி, அதன்மேல் சுற்றி முடித்து, நூலை வெட்டி முனையைக் கண்ணிக்குள் நுழைத்து, கண்ணியை இழுத்தால் முனை சுற்றுகளுக்கு அடியில் போய்ப் புதைந்துகொள்ளும். சுற்றிய பிறகு பேனா மூடியின் வழவழப்பான முனையால் தேய்த்தால் இழைகளுக்கு இடையிலான பிளவுகள் மூடிக்கொள்ளும். இழுவிசையில் அளவு தேவை: சுற்றி முடித்த வளையத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் மெல்ல நகர வேண்டும். அதைவிட இறுக்கினால், வளைவின்போது காலின் விளிம்பு பிளாங்கில் பதியும். கடைசி நேர்கோட்டுத் திருத்தமும் செய்ய இயலாது. எல்லாம் சுற்றிய பின், நுனியிலிருந்தும் அடியிலிருந்தும் மாறி மாறி நோக்கி, பெரிய வளையத்தின் நடுவில் சிறியவை எல்லாம் அடங்கித் தெரியும்வரை ஒவ்வொன்றையும் தட்டிச் சரிசெய்தேன்.

சாதாரண நைலான் நூல் எபாக்சியை உறிஞ்சியதும் நிறம் ஆழ்ந்து, பாதி ஒளி ஊடுருவும் நிலைக்குப் போய்விடும். கருநீலம் கறுப்பாகவே மாறும் என்று பழைய கழித்துண்டில் சோதித்துப் பார்த்த பிறகுதான் முடிவெடுத்தேன். கறுப்புப் பிளாங்கில் அது அடக்கமாகப் பொருந்துகிறது. வெளிர்நிறம் வேண்டுவோர் நிறம் மாறாத வகை நூலையே வாங்க வேண்டும், இல்லையென்றால் வளையத்தின் கால் வெளியே தெரியும்.

பூச்சு எபாக்சியின் இரண்டு பகுதிகளும் கன அளவில் சமமாக இருக்க வேண்டும். தலா 3 மில்லி, தனித்தனிச் சிரிஞ்சுகளில்; அவற்றை ஒருபோதும் மாற்றிக்கொள்ளக் கூடாது. சில சிரிஞ்சுகளின் ரப்பர் அடைப்பானில் சிலிக்கோன் எண்ணெய் பூசியிருப்பார்கள். அது கலந்தால் பூச்சு ஆங்காங்கே விலகிக் குழிகுழியாக நிற்கும் என்பதால் ரப்பர் இல்லாதவற்றையே எடுத்துக்கொண்டேன். காற்று புகாதபடி மெதுவாக நான்கு நிமிடம் கலக்கி, அலுமினியத் தகட்டுத்தாளில் ஊற்றிப் பரப்பினால், குமிழிகள் எளிதில் மேலெழும். வேதிவினைச் சூடும் தேங்காது, ஆகவே தூரிகையால் பூச நேரம் கிடைக்கும். மீதமுள்ள குமிழிகளுக்கு ஸ்பிரிட் விளக்கின் சுடரை அடியில் ஒரு நொடி காட்டி விலக்கினால் பூச்சு இளகிக் குமிழி உடைந்துவிடும். வாயால் ஊதினால் ஈரம்தான் சேரும்.

பூச்சு வழியாமல் இருக்கக் கழி சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் மோட்டார் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று என்ற வேகத்தில் ஓடும். மெல்லிய பூச்சுக்கு அது போதும். அதன் மின்னழுத்தம் மோட்டாரின் மேலேயே எழுதியிருக்கும், அதைப் பார்த்து, இணைப்புகளை முழுமையாக மூடிய பெட்டிக்குள் வைத்த பிறகுதான் ஓட்ட வேண்டும். முதல் பூச்சில் நுனிப்பக்கத்துச் சில சுற்றுகள் மறுநாளும் பிசுபிசுத்தன. கலவைக் கிண்ணத்தின் சுவரில் ஒட்டியிருந்த, முழுமையாகக் கலவாத பிசினைக் கடைசியில் தூரிகையால் வழித்துப் பூசியதே காரணம். அந்த வளையங்கள்தான் கடைசியில் பூசப்பட்டவை. கதகதப்பான அறையில் மேலும் ஒரு நாள் விட்டு, சரியாகக் கலந்த இரண்டாம் பூச்சை அதன்மேல் கொடுத்ததும் இறுகிவிட்டது. தடித்த ஒரே பூச்சு நடுவில் பருத்து அசிங்கமாக நிற்பதோடு எடையையும் கூட்டும். மெல்லிய இரண்டு பூச்சுகளே எப்போதும் மேல்.

முடிந்த கழியின் எடை 121 கிராம். ரீல் மாட்டினால் அதன் காலுக்கு மூன்று விரற்கடை முன்னால் சமன் கொள்கிறது. பூச்சு நன்றாக முற்றுவதற்கு ஒரு வாரம் விட்டு, மறுபடி அதே ஒன்றரை லிட்டர் புட்டியைத் தொங்கவிட்டு, பாரம் இருக்கும்போதே ரீலை இருபுறமும் திருகிப் பார்த்தேன். சீட் அசையவில்லை, நூல் சுற்றின் ஓரங்களில் பூச்சு வெடிக்கவுமில்லை.

அடுத்த கழியில் சிலவற்றை மாற்றுவேன். 25 எண் வளையத்துக்குப் பதிலாக, சட்டம் உயரமான 20 எண் ஒன்றை வைத்து அதே வீச்சுச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். சுருள் அதற்குள்ளும் ஒடுங்குமானால் சில கிராம் குறையும். முன்தக்கை இரண்டும் தேவையே இல்லை, சுட்டுவிரல் பிளாங்கைத் தொடுவதற்கு அவை இடைஞ்சலாகவே இருக்கின்றன. ஒரு சிறிய கூம்பு மூடி போதும். பூச்சுக்கு ஒரே கலவையில் எல்லா வளையங்களையும் முடிக்காமல், பாதிப் பாதியாகக் கலக்குவேன், கிண்ணத்தின் சுவரைத் தொட வேண்டிய தேவையே வராது. லூரின் முள்ளை மாட்டிவைக்கும் சிறு கண்ணியை இந்த முறை பிளாங்கின் வலப்புறத்தில் கட்டியிருக்கிறேன். வீசும்போது நரம்பு சில நேரம் அதில் போய் மாட்டுகிறது. அதை நேர் மேலே, அச்சுப் புள்ளிகளின் கோட்டிலேயே, முன்பிடிக்கு நான்கு செ.மீ. முன்னால் கட்ட வேண்டும்.